குளம் திறந்த சனிக்கிழமை

குளத்தோடு கோபித்துக்கொண்டு கால் கழுவாமல் போனவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் ஊர் அவனையும் மிஞ்சிய ஊர். குளத்தோடு கோபித்துக்கொண்டு குளத்தையே மண் போட்டு மூடியது.

அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்து ஹாலிஸ் ஃபெரியில், அறுபதுகளில் நடந்தது இது. நகராட்சி நீச்சல் குளத்தில் வெள்ளைக்காரர்கள் மட்டும்தான் குளிக்கலாம் என்று வைத்திருந்தார்கள். எங்கள் கறுப்பு ஆட்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். எல்லோரும் குளிக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. அப்போது மேயராக இருந்த ப்ரூயிட் என்ன செய்தார் தெரியுமா? எல்லோரும் குளிக்கவேண்டுமா, சரி, இனிமேல் யாருமே குளிக்கவேண்டாம் என்று மண் லாரிகளை வரவழைத்துவிட்டார். வசதியுள்ள வெள்ளைக்காரர்கள் குன்றின்மேல் ஒரு கிளப் கட்டி, உறுப்பினர்களுக்கு மட்டும் என்று ஒரு குளம் வெட்டிக்கொண்டார்கள். கிழக்குப் பக்கத்துக் கறுப்புப் பிள்ளைகள் எப்போதும்போல ஆற்றுக்குப் போனார்கள். அந்தக் கோடையில் ஆற்றுக்குப் போன ஜூனியஸ் என்ற பையன் திரும்பி வரவில்லை.

அவனுடைய அக்காதான் மிஸ் எர்லீன். இன்றைக்கு எங்கள் வார்டு கவுன்சிலர். புதைத்த குளத்தைத் தோண்டி எடுத்தவர் அவர்தான். கையால் அல்ல, வாயால். சாக்கடையைப் பற்றிக் கூட்டம் நடந்தாலும் எழுந்து நின்று குளம் என்பார். தெருவிளக்கைப் பற்றி நடந்தாலும் குளம் என்பார். கடைசியில், இந்த அம்மாள் வாயை அடைக்க மண் போதாது என்று ஊருக்கே புரிந்தது. தோண்டுகிற வேலையை மாநில அரசு ஏற்றுக்கொண்டது. தோண்டினால் உள்ளேயிருந்து டிராக்டர் டயர் வருகிறது, சலவை இயந்திரம் வருகிறது, யாரோ ஒரு புண்ணியவானின் பழைய சோபாகூட வந்தது.

நான் செனோபியா. நோபி என்றால்தான் ஊருக்குத் தெரியும். மவுன்ட் ஆலிவ் சபைக்கு எதிரே பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், சிரிப்பு அதைவிடச் சீக்கிரம் வரும், ரெண்டும் சேர்ந்து வந்தால் பக்கத்தில் நிற்காதீர்கள்.

குளம் வெளியே வந்ததும் நகராட்சி ஒரு நல்லிணக்கக் குழு போட்டது. கறுப்பரும் வெள்ளைக்காரரும் ஒன்றாக உட்கார்ந்து குளத்துக்கு ஆகவேண்டியதை முடிவு செய்யவேண்டுமாம். அதை நடத்த அட்லான்டாவிலிருந்து டவாரிஸ் என்ற இளைஞனைச் சமத்துவ அலுவலராகக் கொண்டுவந்தார்கள். நல்ல பிள்ளை. எங்கள் நிறம்தான், ஆனால் படித்துப் படித்துப் பேச்சு ஒரு மாதிரி ஆகிவிட்டது. முதல் கூட்டத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னான்.

"எல்லாரும் கண்ண மூடிக்கங்க. உங்க கோபம் உடம்புல எந்த எடத்துல இருக்குன்னு பாருங்க. சிஸ்டர் பெர்னடீன், நீங்க சொல்லுங்க."

"முட்டியில," என்றாள் பெர்னடீன். எங்கள் சபைப் பாடகர் குழுவின் தலைவி. வாய்க்குப் பூட்டுக் கிடையாது. "இந்த நாற்காலி ரொம்பத் தாழ்வு தம்பி. எந்திரிக்கும்போது உன் நல்லிணக்கந்தான் என்னையத் தூக்கிவிடணும்."

வட்டத்தில் முதலில் சிரித்தது லூயான். வெள்ளைக்காரி. குன்றின்மேல் கிளப்பில் முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவள். முட்டையிட்ட கோழி மாதிரி சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. நல்லிணக்கம் என்று தாளில் எழுதினால் பெரிய விஷயமாகத் தெரிகிறது. எங்களுக்கு அது பெர்னடீனின் முட்டியில்தான் ஆரம்பித்தது.

அதற்காக எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று நினைத்துவிடாதீர்கள். குளத்தில் பதிக்கிற ஓட்டின் நிறத்துக்கு ஒரு மாதம் சண்டை போட்டோம். கல்வெட்டு வாசகத்துக்கு இன்னொரு மாதம். 'இந்தக் குளம் அக்காலத்தில் மூடப்பட்டது' என்று எழுதலாம் என்றார் டுவைட் ப்ரூயிட். அவரும் கவுன்சிலர்தான், மேற்கு வார்டு. அந்தப் பழைய மேயரின் மகனே இவர்.

மிஸ் எர்லீன் மேசையைத் தட்டினார். "தானா மூடிக்க அது என்ன தொட்டாச்சிணுங்கியா, மிஸ்டர் ப்ரூயிட்? யார் மூடுனாங்க, எதுக்கு மூடுனாங்கன்னு எழுதுங்க."

எழுதினார்கள். ப்ரூயிட்டுக்கு முகம் செத்துப்போயிற்று. அந்தக் கடுப்பில்தான் அவர் கடைசிக் கூட்டத்தில் ஒரு கட்டையைப் போட்டார்.

"தோண்டியாச்சு, ஓடு பதிச்சாச்சு. இனிமே தெனமும் நடத்துறது நகராட்சி பொறுப்பு. அதுக்குத் தெறப்பு விழா முடிஞ்ச திங்கக்கெழம ஓட்டெடுப்பு. நான் வெளிப்படையாவே சொல்றேன், உங்க ஜனங்க தண்ணியில எறங்கமாட்டாங்க. அவங்களுக்குப் பழக்கமில்ல. தெறப்பு விழா அன்னைக்குப் பாப்போம். தண்ணியில எறங்குறவங்கதான் கணக்கு, குடை புடிச்சு வேடிக்க பாக்குறவங்க கணக்குல இல்ல. யாரும் எறங்கலைன்னா, மூடிட்டு வண்டி நிறுத்துற எடமாக்கிடலாம்."

"பாத்துக்கங்க," என்றார் மிஸ் எர்லீன். "தண்ணி பத்தாம போகும். நீங்களே வாளியில கொண்டாந்து ஊத்தணும்."

கவுன்சிலில் மற்றவர்களின் ஓட்டுகள் பாதிக்குப் பாதி நின்றன. ப்ரூயிட் கை தூக்கினால் குளம், தூக்காவிட்டால் கார் நிறுத்தும் தார்த்தரை. எங்களுக்கு அது தெரியும். தெரிந்தும் பயமில்லை. திறப்பு விழாவுக்குத் தேதி கேட்டான் டவாரிஸ். ஜூன் இரண்டாம் சனிக்கிழமை என்று யாரோ சொன்னார்கள். அத்தனை மாதச் சண்டைக்குப் பிறகு அத்தனை பேரும் ஒன்றாகக் கை தூக்கிய ஒரே விஷயம் அதுதான். கைதட்டினோம். பெர்னடீன் ஒரு அல்லேலூயா சொன்னாள். லூயான் என்னைக் கட்டிப்பிடித்தாள்.

விழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. என் கடையில் நிற்க இடமில்லை. பெர்னடீன் முடி உலர்த்தும் மின்தொப்பிக்கடியில் மகாராணியாக உட்கார்ந்திருந்தாள். நான் போஸ்ட் ஆபீஸ் கிளாடிஸின் தலையில் சூட்டுச் சீப்பு இழுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் முடி சுருள் முடி. சூட்டுச் சீப்பால் பொறுமையாக நீட்டினால் பட்டு மாதிரி விழும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், சுருண்டுகொண்டு பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிடும்.

பெர்னடீன் தொப்பிக்குள்ளிருந்து கத்தினாள். "நோபி! நாளைக்குக் குளத்துக்குக் கண்டிப்பா வர்றேன். ஆனா இப்பவே சொல்லிட்டேன், எவனாவது ஒரு சொட்டு என் தலையில தெறிக்கவிட்டான், அவன் வம்சத்தையே விடமாட்டேன். ஞாயித்துக்கெழம சோலோ பாடணும்."

என் கை அப்படியே நின்றது.

"நோபி! காது! காது!" என்று கிளாடிஸ் அலறினாள்.

காது தப்பியது. என் உயிர்தான் போய்விட்டது. மறுநாள் சனிக்கிழமை. அதற்கு மறுநாள் மகளிர் ஞாயிறு.

வருஷத்துக்கு ஒருமுறை மவுன்ட் ஆலிவ் சபை பெண்கள் கையில் வரும் நாள் அது. பெண்ணே பிரசங்கம் செய்வாள், பெண்ணே காணிக்கைத் தட்டு எடுப்பாள், ஆண்கள் பின்னால் சமையலறையில் பாத்திரம் தேய்ப்பார்கள். பல் முளைத்த குழந்தையிலிருந்து பல் போன கிழவிவரை எல்லாப் பெண்களும் வெள்ளை உடுத்திப் பாடகர் குழுவில் நிற்பார்கள். தொப்பி வைக்கக்கூடாது. இந்த வருஷம் எல்லாத் தலையும் ஒரே மாதிரி நீட்டி வாரியிருக்கவேண்டும் என்று பெர்னடீன் வேறு சட்டம் போட்டிருந்தாள். அதற்காகத்தான் என் கடையில் இந்தக் கூட்டமே. கிழக்குப் பக்கத்தில் உள்ள அத்தனை பெண் தலையும் வெள்ளிக்கும் சனிக்காலைக்கும் நடுவில் என் கைக்குள் வருகிறது. இந்தத் தலைகளை வைத்துக்கொண்டு சனிக்கிழமை மத்தியானம் எவள் தண்ணீரில் இறங்குவாள்? தான் இறங்காவிட்டாலும் மகளையாவது இறக்குவாளா? ஆண்களைக் கேட்காதீர்கள். கணுக்கால்வரை இறங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டு, அடுப்பில் வேகிற இறைச்சியைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

லூயான் வெள்ளைக்காரி, அவளை விடுங்கள். டவாரிஸ் வெளியூர்க்காரன், அவனையும் விடுங்கள். குழுவில் இருந்த நாங்கள் எல்லோரும் இதே சபைப் பெண்கள். நான் முடிக்காரி! மகளிர் ஞாயிறு நோட்டீஸ் என் கடைக் கண்ணாடியில் என் மூக்குக்கு நேரே ஒட்டியிருக்கிறது! சந்தோஷத்தில் கை தூக்கினோம் பாருங்கள், மூளையை வீட்டில் வைத்துவிட்டுத் தூக்கியிருக்கிறோம். தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் கையில் சூட்டுச் சீப்பு.

பாஸ்டருக்குப் போன் போட்டேன்.

"மகளிர் ஞாயிற மாத்தணுமா?" என்றார் அவர். "சிஸ்டர் நோபி, உயிர்த்தெழுந்த ஞாயிறக்கூடச் செவ்வாய்க்கெழமைக்கு மாத்திப்புடலாம். இத மாத்துனா என்னைய உயிரோட விடமாட்டாங்க. பிரசங்கத்துக்கு மேக்கன் ஊர்லேருந்து ஒரு அம்மா வர்றாங்க."

டவாரிஸுக்குப் போட்டேன். டிவிக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டது, தேதியை மாற்றினால் ப்ரூயிட் அதையே பிடித்துக்கொள்வார் என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மேடம், ரப்பர் தொப்பி போட்டுக்கிட்டா?" என்றான்.

"ஏன் கண்ணு, தண்ணி என்ன உங்கிட்ட அனுமதி வாங்கிக்கிட்டா உள்ள போகும்? உங்கம்மா தலையில ரப்பர் தொப்பி மாட்டிப் பாத்திருக்கியா நீ?"

"இல்ல மேடம். கைய வச்சா அடிப்பாங்க."

"அப்ப உனக்கும் தெரிஞ்சிருக்குல்ல! தேதி வைக்கும்போது வாயில என்ன கொழுக்கட்டையா?"

சனிக்கிழமை விடியற்காலையில் முதல் ஆளாக மிஸ் எர்லீன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அழுகை வந்தது. அவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைய வாரு," என்றார்.

"மிஸ் எர்லீன், ஒருத்தியும் எறங்கமாட்டா."

"எறங்குவாங்க. தண்ணியப் பாத்தா மனசு மாறும்."

"நீங்க எறங்குவீங்களா?"

"என்னைய விடு, நோபி. ஜூனியஸ் போனதுலேருந்து குளிக்கிற தொட்டியிலகூட நான் தண்ணிய முழங்காலுக்கு மேல வச்சதில்ல. எனக்காகவா தோண்டுனேன்? பிள்ளைங்க எறங்கினாப் போதும். இன்னொரு பொம்பள என்னைய மாதிரி ஆத்தங்கரையில நின்னு பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சீக்கிரம் வாரு. ரிப்பன் வெட்டணும்."

மத்தியானம் ஊரே குளத்தில் இருந்தது. வெயில் சுட்டெரித்தது. தண்ணீர் நீலமாக ஜொலித்தது. ரிப்பன் வெட்டியாயிற்று, பள்ளிக்கூட வாத்தியக் குழு வாசித்தாயிற்று, டவாரிஸ் நல்லிணக்கம் என்ற வார்த்தையை அலுக்க அலுக்கச் சொல்லியாயிற்று. லைஃப்கார்டு விசிலை ஊதினான்.

வெள்ளைக்காரப் பிள்ளைகள் தபதபவென்று குதித்தார்கள். லூயான் கிளப்பிலிருந்து கூட்டிக்கொண்டு வந்த பிள்ளைகள். நல்ல எண்ணத்தில்தான் கூட்டி வந்தாள். குதித்து, முங்கி, ஒருத்தன்மேல் ஒருத்தன் தண்ணீர் அடித்துக்கொண்டார்கள்.

எங்கள் பக்கம்? குடைக்கடியில் மடக்கு நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். தலைகள் மின்னின. எல்லாம் என் கைவேலை, இத்தனை அழகாக ஒரு நாளும் வாய்த்ததில்லை. பிள்ளைகள் குளத்தின் ஓரத்தில் கால் மாற்றிக் கால் குதித்துக்கொண்டு நின்றார்கள். அம்மாக்காரிகள் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார்கள். "தலை! தலை நனஞ்சுது, வீட்டுக்கு வந்து தோலை உரிச்சுடுவேன்!" ஆண் பிள்ளைகள் ரெண்டு பேர் இறங்கப் பார்த்தார்கள், அக்காமார்களை நனைத்துவிடுவான்கள் என்று அவர்களையும் இழுத்து உட்கார்த்தினார்கள்.

ப்ரூயிட் நிழலில் கால்மேல் கால் போட்டு எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்தார்.

நான் மிஸ் எர்லீனைத் திரும்பிப் பார்த்தேன். தண்ணீருக்குள் வெள்ளைப் பிள்ளைகள், கரையில் ஏக்கத்தோடு கறுப்புப் பிள்ளைகள். சின்ன வயதில் கம்பிவேலிக்கு வெளியே நின்று அவர் பார்த்த அதே காட்சி. இப்போது வேலிகூட இல்லை. வேலியை நாங்களே தலையில் சுமந்துகொண்டு வந்திருக்கிறோம், அதைக் கட்டிக் கொடுத்தவள் நான். அவர் முகம் எப்படி இருந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செருப்பைக் கழற்றினேன். டவாரிஸ் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன்.

"ஏய், மவுன்ட் ஆலிவ் பொம்பளைங்களா! இங்க இருக்குற ஒவ்வொரு தலையும் நான் வாரினது. வாரின கைக்குக் கலைக்கவும் உரிமை உண்டு. ஒருத்தி தலை கலைஞ்சாத்தான் அவமானம். எல்லாத் தலையும் கலைஞ்சா அதுக்குப் பேரு ஃபேஷன்! நான் போறேன். எனக்கு நீச்சல் தெரியாது. நான் செத்தா பெர்னடீனப் பாடவிடாதீங்க!"

மைக்கைக் கொடுத்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, பூப்போட்ட கவுனோடு குதித்தேன்.

தண்ணீர் என் இடுப்பளவுதான். எனக்கு அது எங்கே தெரியும்? உள்ளே போனதும் காலையும் கையையும் உதைத்தேன், அலறினேன், ஒரு வாய்த் தண்ணீர் குடித்தேன். லூயான் வந்து கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி, "நோபி, காலக் கீழ வை. தரை இருக்கு," என்றாள். வைத்தேன். இருந்தது. எழுந்து நின்றேன். காலையில் தோள்வரை தொங்கிய முடி சரசரவென்று சுருண்டு காதுக்குமேல் ஏறிக்கொண்டது. கரையில் கிளாடிஸ் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து நாற்காலியோடு சாய்ந்தாள்.

பெர்னடீன் எழுந்தாள். ஷூவையும் கம்மலையும் கழற்றினாள். இடது ஷூவுக்குள் ஒன்று, வலது ஷூவுக்குள் ஒன்று போட்டாள். நேராக என்னைப் பார்த்து விரலை ஆட்டினாள்.

"நோபி, நாளைக்கு நான் செம்மறி ஆடு மாதிரி நின்னு சோலோ பாடுனா, ஊர் முழுக்க உன் பேரத்தான் சொல்லுவேன்."

"சொல்லுடி! தைரியமாச் சொல்லு!"

ஏணியில் இறங்குவாள் என்று பார்த்தால், ஓடி வந்து குதித்தாள்! அந்த உடம்புக்குக் குளத்தில் பாதித் தண்ணீர் வெளியே வந்தது. முன்வரிசை முழுவதும் தொப்பலாக நனைந்தது. அவ்வளவுதான். நனைந்தபிறகு முக்காடு எதற்கு? கிளாடிஸ் குதித்தாள். சபை டீக்கனின் மனைவி குடையோடு இறங்கினாள். காலர்களைப் பிடித்திருந்த கைகள் விட்டன, பிள்ளைகள் அம்பு மாதிரி பாய்ந்தார்கள். ஆண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். அன்று இறைச்சி கருகியதைப்பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. லைஃப்கார்டு விசிலை ஊதி ஊதிப் பார்த்துவிட்டு, கடைசியில் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு சிரித்தான். டவாரிஸை நான்கு பேர் கை கால் பிடித்துத் தூக்கி, கோட்டோடு எறிந்தார்கள்.

"இப்ப சொல்லு தம்பி!" என்றாள் பெர்னடீன். "உன் கோபம் உடம்புல எந்த எடத்துல இருக்கு?"

"காணோம் மேடம்!" என்று அவன் தண்ணீரைத் துப்பினான். "என் போனையும் காணோம்!"

மறுநாள் என்ன ஆயிற்று என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு மனசு ஆறாது. வெள்ளை உடையில் நாங்கள் வரிசையாக நின்றோம். ஒவ்வொரு தலையும் ஒவ்வொரு பக்கம் பார்த்தது. மேக்கனிலிருந்து வந்த அம்மாள் மேடையேறி, எங்களை ஒரு முறை பார்த்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்து, "இங்க நேத்து பரிசுத்த ஆவி ரொம்ப வேகமா வீசியிருக்கு போல," என்றார். சபை அதிர்ந்தது. பெர்னடீனின் சோலோ அதுபோல் என்றைக்கும் அமைந்ததில்லை.

சனிக்கிழமைக்கே வருகிறேன். அந்த ஆரவாரத்தில் எங்கள் குழுவில் கரையில் உலர்ந்து கிடந்தவர்கள் ரெண்டே பேர். மிஸ் எர்லீன் குளத்தின் விளிம்பில், ஷூகூடக் கழற்றாமல் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டிருந்தார். ப்ரூயிட் எழுந்து அவர் பக்கத்தில் வந்து நின்றார். நான் தண்ணீருக்குள் அவர்கள் காலடியில்தான் இருந்தேன். மனுஷன் வம்பு பண்ணினால் காலைப் பிடித்து இழுத்துவிடுவது என்று தயாராக இருந்தேன்.

"மிஸ் எர்லீன், திங்கக்கெழம என் கை தூக்கியிருக்கும்," என்றார்.

"தூக்கித்தான் ஆகணும். கண் இருக்குல்ல."

அவர் போகவில்லை. "மண்ணு கொட்டுன அன்னைக்கு நான் எங்கப்பா லாரியில இருந்தேன். ஆறு வயசு. எங்குளம் போச்சேன்னு அழுதேன். உங்க ஜனங்களாலதான் போச்சுன்னு அப்பா சொன்னாரு. அதையேதான் இத்தனை வருஷமா நம்பிக்கிட்டிருந்தேன்."

மிஸ் எர்லீன் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "நீ குளத்துக்கு அழுத, டுவைட். நான் தம்பிக்கு அழுதேன். ரெண்டும் ஒண்ணில்ல."

"ஒண்ணில்ல," என்றார் அவர். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் சொன்னார். "மன்னிச்சுக்கங்க."

"அதப் பத்தி அப்புறம் பேசலாம். மொதல்ல பேன்ட்ட மடிச்சுக்கிட்டு எறங்கு. கணக்குல ஒரு ஆள் கொறையுது."

அவர் நிஜமாகவே மடித்தார். எலும்பும் தோலுமான வெள்ளைக் கால்களோடு படியில் இறங்கினார். கிழக்குப் பக்கம் முழுவதும் விசிலடித்தது. அவர் முழங்காலளவு தண்ணீரில் நின்று திரும்பி, "நீங்களும் கொறையிறீங்களே, மிஸ் எர்லீன்?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை.

மிஸ் எர்லீன் தண்ணீரைப் பார்த்தார். சிரிப்பு நின்றிருந்தது. பிறகு குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தார்.

"நோபி, கையக் குடு. எனக்குப் பயமா இருக்கு."

நான் ஒரு பக்கம், லூயான் ஒரு பக்கம். ஒவ்வொரு படியாக இறக்கினோம். தண்ணீர் முழங்காலைத் தாண்டியபோது என் மணிக்கட்டில் அவர் நகம் பதிந்தது. இடுப்பு. மார்பு. "ஆண்டவரே, ஆண்டவரே," என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

"இப்பத் தலையப் பின்னால சாச்சுக்கங்க," என்றாள் லூயான். "காது தண்ணிக்குள்ள போகட்டும். தண்ணி தாங்கும்."

"தாங்குமா?"

"தாங்கும். நாங்க இருக்கோம்."

அவர் தலை என் உள்ளங்கைக்கு வந்தது. விடியற்காலையில் நான் வாரிய முடி என் விரல்களுக்குள் அவிழ்ந்து பரவியது. லூயான் கண்ணால் ஜாடை காட்டினாள். ரெண்டு பேரும் கையை மெல்ல எடுத்தோம். மிஸ் எர்லீன் மிதந்தார். வானத்தைப் பார்த்துக்கொண்டு, கையை அகல விரித்து, தக்கை மாதிரி மிதந்தார்.

"விட்டுட்டீங்களா?"

"விட்டாச்சு. நீங்களாத்தான் மெதக்குறீங்க."

"அவ்வளவுதானா இது?" என்றார். "லூயான், ஒரு சின்னப் பையன் இதக் கத்துக்க எவ்வளவு நேரமாகும்?"

எதற்கும் சிரிக்கிற லூயான் அன்று சிரிக்கவில்லை. "ஒரு மத்தியானம் போதும், மிஸ் எர்லீன்."

"ஒரு மத்தியானம்." அவர் கண்ணோரம் கண்ணீர் வழிந்து குளத்துத் தண்ணீரில் கலந்தது. "என் தம்பிக்கு ஒரு மத்தியானம் குடுக்கமாட்டேன்னுட்டாங்களே, நோபி."

எனக்கு அழுகை பீறிட்டது. மறைக்கவில்லை. லூயானும் அழுதாள். ப்ரூயிட் நாலடி தள்ளி நின்றார்; காதில் விழுந்திருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்ததற்காக அந்த மனுஷனை முதல்முறையாக எனக்குப் பிடித்தது.

மிஸ் எர்லீன் காலை ஊன்றி எழுந்தார். முகத்தைத் துடைத்தார். நனைந்த முடி காதோரம் சுருண்டிருந்தது. பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார். கரையைப் பார்த்தார். அங்கே ஒரே ஒரு அம்மாக்காரி மட்டும் இன்னும் மகளின் கையை விடாமல் பிடித்து நின்றாள். அந்தக் குட்டி துள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இன்னும் எதுக்குப் பிடிச்சு வச்சிருக்க?" என்று மிஸ் எர்லீன் கத்தினார், கவுன்சில் கூட்டத்தில் கத்துகிற அதே குரலில். "விடு! நான் பிடிச்சுக்கறேன்!"

கை விட்டது. குட்டி ஓடி வந்து குதித்தாள். எங்கள் எல்லோர் முகத்திலும் தண்ணீர் அறைந்தது. மிஸ் எர்லீன் அவளை அள்ளித் தூக்கி, மூக்கைத் துடைத்துவிட்டு, திரும்பவும் கரையில் ஏற்றிவிட்டார்.

"மறுபடியும் குதி," என்றார்.